புள்ளிக்கு இடமில்லை

எங்கள் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மூன்று குறிகள் இருந்தன. வந்த பிள்ளைக்குச் சாய்கோடு. வராத பிள்ளைக்கு ஆங்கில ‘ஏ’. மூன்றாவது, பென்சிலால் வைக்கிற ஒரு சின்னப் புள்ளி. அது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் விரலை வைத்துக் கேட்டால், "பென்சில் பட்டிருக்கும் சார்" என்று சொல்லி, டீயைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள். புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரைக்கும் பதிவேட்டைப் புரட்டினால் எள் சிந்தின மாதிரி இருக்கும்.

நடவுக்குப் போன பிள்ளைக்குத்தான் அந்தப் புள்ளி. வலங்கைமானுக்குக் கிழக்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிற ஊர்கள் எங்களுடையவை. மேட்டூரில் என்றைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று பேப்பரில் வரும். எங்கள் மடைக்கு என்றைக்கு வந்து சேரும் என்று எந்தப் பேப்பரிலும் வராது. வந்த அன்றைக்கு நாற்றைப் பறித்தாக வேண்டும், மறுநாள் நட்டாக வேண்டும். இதற்கு யார் முன்கூட்டியே லீவு லெட்டர் எழுத முடியும்? அம்மாவோடு சேற்றில் இறங்கின பெண் பத்து நாளிலோ பதினைந்து நாளிலோ திரும்பி வருவாள். வந்ததும் வகுப்பாசிரியர் அந்தப் புள்ளிகளின் மேல் கோடு இழுத்துவிடுவார். வராமலே நின்றுபோனால் புள்ளி ‘ஏ’ ஆகும். அதுவரைக்கும் அது வாயைத் திறக்காது.

எனக்கு அந்தப் புள்ளியைக் கண்டாலே ஆகாது. நான் அங்கே கம்ப்யூட்டர் டீச்சர். கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கும், அல்லது இருக்காது, நடுவில் மழுப்பல் கிடையாது என்று வகுப்பில் வாய் கிழியப் பேசுகிறவள். வீட்டிலும் அப்படித்தான். "ஆமாவா இல்லையா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று நான் ஆரம்பித்தால் என் புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘பாஸ்வேர்டு’. முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், எனக்குக் கேட்கும், கேட்காத மாதிரி நடப்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

எங்களுடையது நிர்வாகக் கமிட்டி நடத்துகிற, அரசு உதவி பெறுகிற பள்ளி. ஒரு வருஷம் கமிட்டிக்காரர்கள் தஞ்சாவூரில் ஒரு சின்னக் கம்பெனியிடமிருந்து வருகைப் பதிவுக்கு ஒரு ஆப் வாங்கினார்கள். வாங்க வைத்ததே நான்தான். கூட்டத்தில் எழுந்து, "இனிமே இந்தப் புள்ளி வச்சு ஏமாத்துற வேலையெல்லாம் நடக்காதுங்க" என்று பேசிக் கைதட்டு வாங்கினேன். அந்தக் கோடை விடுமுறை முழுக்க லேபில் உட்கார்ந்து, நானூற்றுச் சொச்சம் விண்ணப்பத் தாள்களை நானே ஒற்றை ஆளாக ஏற்றினேன். பிள்ளை பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், பெற்றோர் போன் நம்பர். கடைசியில் நம்பர்கள் என் கண்ணில் படவில்லை, விரலில்தான் ஓடின. ஒரு நம்பரும் எனக்கு நினைவில்லை.

ஆப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. காலையில் திறந்தால் வகுப்பில் எல்லாப் பெயர்களும் ஏற்கெனவே பச்சையாக இருக்கும். வராதவர்களை மட்டும் தொட்டால் சிவப்பாகும். சிவப்பான உடனே, "உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று பெற்றோர் போனுக்கு மெசேஜ் போய்விடும். தொடர்ந்து இருபது வேலை நாள் சிவப்பாக இருந்து, பெற்றோர் பக்கமிருந்து பதிலும் வராவிட்டால், கடைசியாக ஒரு எச்சரிக்கை போகும். அதற்கும் மூச்சு இல்லையென்றால் பெயர் பட்டியலிலிருந்து தானாக இறங்கிவிடும்.

"அந்த இருபது நாள் கணக்க நீங்க மாத்திக்கலாம் மேடம்" என்று கம்பெனிப் பையன் சொன்னான். நான்தான் வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியர் தமிழ் டீச்சர். பிள்ளைகளுக்குத் தமிழம்மா. முஸ்லிம் வீட்டுப் பெண், புருஷன் துபாயில். பக்கத்து டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்கள், என்னைவிட நூறு மடங்கு பொறுமை. ஆப்பைப் போனில் ஏற்றிக் கொடுத்த அன்றைக்கு, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்.

"ஏம்மா, இதுல புள்ளி எங்க வைக்கிறது?"

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

"புள்ளியெல்லாம் கோலத்துக்கு வச்சுக்குங்க டீச்சர். இதுல வந்தாளா, வரலையா, அவ்வளவுதான்."

"வருவாங்கறத எப்படிம்மா சொல்றது?" என்றார்கள். பெல் அடித்துவிட்டது.

ஆப்பில் காரணம் போட ஒரு இடம் இருந்தது. காய்ச்சல், வீட்டு விசேஷம், துக்கம், மற்றவை. ‘மற்றவை’ என்று போட்டால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். தமிழம்மா நச்சரித்ததால் கம்பெனிக்குப் போன் போட்டு, நடவு என்று ஒரு காரணம் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அந்தப் பையன் பதறிப்போனான்.

"ஐயோ மேடம், அது ரெக்கார்டுல ஏறுச்சுன்னா குழந்தைத் தொழிலாளர் கேஸு. ஸ்கூலுக்கும் வம்பு, வீட்டுக்காரங்களுக்கும் வம்பு. சும்மா இருங்க."

பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா என்று தமிழம்மாவிடம் போய் ஜம்பமாகச் சொன்னேன். அவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மூன்றாவது பெஞ்சு. அப்பா இல்லை, அம்மா நடவு கோஷ்டியில் வேலை பார்க்கிறவள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். லேபில் தமிழ்த் தட்டச்சு சொல்லிக்கொடுத்தபோது மற்றவர்கள் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்க, இவள் ஒரே வாரத்தில் பார்க்காமலே அடித்தாள். ‘அம்மா’ என்று அடிக்க ‘ம’வை இரண்டு தடவை தட்டினால் போதும், முதல் ‘ம’வுக்கு மேல் கம்ப்யூட்டரே புள்ளி வைத்துக்கொள்ளும். அதைப் பார்த்த அன்றைக்கு அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"டீச்சர், அதுவே புள்ளி வச்சுக்குது டீச்சர்! எங்க வைக்கணும்னு அதுக்குத் தெரியுது!"

பத்தாவது முடித்துத் தஞ்சாவூரில் பாலிடெக்னிக் சேரணும், கம்ப்யூட்டர் டிப்ளமோ எடுக்கணும் என்று திட்டம் வைத்திருந்தாள். எத்தனை மார்க் வேண்டும், எந்தப் பஸ்ஸில் போவது என்பதுவரை விசாரித்து வைத்திருந்தாள். நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். பத்தாவதில் பெயில் ஆகாமல் இருந்தால் அவள் சேற்றை விட்டு ஏறிவிடுவாள், இல்லாவிட்டால் மாட்டாள். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

அந்த வருஷம் தண்ணீர் தாமதம். புரட்டாசி முடிகிற சமயத்தில்தான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. ஒரே வாரத்தில் வகுப்புகள் காலியாயின. ஆப்பில் சிவப்பு ஏறியது. முதல் நாள் பார்க்கும்போது எனக்கு ஏதோ சாதித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. உண்மை என்றால் இப்படித்தான் இருக்கும், கண்ணில் குத்தத்தான் செய்யும் என்று எச்.எம். சாரிடம் சொன்னேன். மெசேஜ் போகப் போகப் பலபேர் பயந்துபோய்ப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு பெயர்தான் மாறாமல் சிவப்பாக இருந்தது. தமிழம்மா அந்தப் பெயரைத் தொடும்போதெல்லாம், "நான் என் கையால இத செய்றேன் பாரும்மா" என்று முணுமுணுப்பார்கள்.

அவள் அம்மாவுக்குக் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். நடவு கோஷ்டியில் ஒரு இடம் விட்டுப்போனால் அந்தப் பருவம் முழுக்கப் போச்சு, வேறு ஆள் வந்து நின்றுவிடும். அம்மா இடத்தில் இவள் இறங்கினாள். ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர். ஐப்பசியில் மழை கொட்டி, தாழ்ந்த வயலில் நட்டதெல்லாம் மூழ்கி அழுகிற்று. தண்ணீர் வடிந்ததும் மறுநடவு. நடவு மெஷின் அந்தச் சேற்றில் இறங்காது, ஆள்தான் இறங்க வேண்டும். மழைக்கு விட்ட லீவைத் தள்ளிவிட்டு, ஆப் வேலை நாட்களை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் புருஷன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"உங்க ஸ்கூல்லேருந்து தினம் ஒரு மெசேஜு வருது. நிறுத்தச் சொல்லேன்."

"ஸ்டாஃப் வீட்டுக்கெல்லாம் போகுது போல. அழிச்சுடுங்க" என்றேன். என் மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு நிமிஷம் போனை வாங்கிப் பார்த்திருக்கலாம். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

கார்த்திகையில் அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பி வந்தாள். கணுக்காலில் சேற்றுப்புண், விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. விட்ட பாடத்தையெல்லாம் எழுதி முடித்தாள், பரீட்சைகள் எழுதினாள், லேபில் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தட்டினாள். ஒரு நாள் தமிழம்மா போனை நீட்டினார்கள்.

"இவ பேரு இதுல காணலைம்மா. மார்க் போடலாம்னு தேடுனேன், இல்ல."

"ரிஃப்ரெஷ் பண்ணுங்க டீச்சர், வரும். சர்வர் ஸ்லோவா இருக்கு."

"ரெண்டு நாளா பண்றேன்."

"அப்ப ரெண்டு நாள் கழிச்சுப் போட்டுக்குங்க" என்றேன். எனக்கு அன்றைக்கு வேறு ஏதோ அவசரம். அவர்களுக்கும் அப்புறம் அது விட்டுப்போனது. தினமும் காலையில் எல்லாப் பெயரும் முதலிலேயே பச்சையாக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? வராதவளைத் தேடினால்தான் பெயரைப் பார்ப்போம். வந்து கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணின் பெயரை யார் தேடப்போகிறார்கள்? கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் அவள் தினம் வந்தாள். ஆப்புக்கு அவள் ஒரு நாள்கூட இல்லை.

தை மாதம் பொதுத்தேர்வுப் பட்டியல் எடுத்தது நான்தான். ஆப்பிலிருந்து நேரே இறக்கி மேலே ஏற்றிவிடலாம், முன்பெல்லாம் மூன்று நாள் கையால் எழுதின வேலை. திரையில் நாற்பத்திரண்டு இருக்கும் என்று நினைத்தேன், நாற்பத்தொன்று இருந்தது. யாரோ டி.சி. வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ‘சரிபார்த்தேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினேன். அந்த டிக் போட்ட விரல் இதோ இந்த விரல்தான்.

ஹால் டிக்கெட் வந்த அன்றைக்குத் தமிழம்மா வகுப்பில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கடைசித் தாளும் போய்விட்டது. அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம். தமிழம்மா அவளை உட்காரச் சொல்லிவிட்டு லேபுக்கு ஓடி வந்தார்கள். மாடிப்படி ஏறி வந்த களைப்பில் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள்.

"யா அல்லா, அந்தப் பொண்ணுக்கு வரலைம்மா. அவளுக்கு மட்டும் வரல."

நான் ஆப்பைத் திறந்து நீக்கப்பட்டவர்கள் பகுதிக்குப் போனேன். அவள் பெயர் அங்கே இருந்தது, அவள் திரும்பி வந்ததற்கு முந்தின நாள் ராத்திரித் தேதியோடு. கீழே ஒவ்வொரு நாளும் அனுப்பிய மெசேஜ் வரிசையாக: அனுப்பப்பட்டது, சேர்ந்தது, திறக்கப்பட்டது. கடைசி எச்சரிக்கையும் சேர்ந்திருந்தது, திறக்கப்பட்டிருந்தது. ‘பெற்றோர் பதில்: இல்லை’.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை மெசேஜ் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாத அம்மாவும் ஒரு அம்மாவா என்று திட்டிக்கொண்டே, திரையில் இருந்த நம்பரைப் பார்த்து என் போனில் ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். பத்தாவது எண்ணை அடித்ததும் நம்பர் மறைந்து பெயர் வந்தது.

‘அவர்’.

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற மூடநம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனாலும் முதன்முதலில் போன் வாங்கின நாளிலேயே அப்படிப் போட்டுவிட்டேன், அப்படியே இருந்துவிட்டது. அந்த ஒரு சொல்லைத் தொட்டுத்தான் இத்தனை வருஷமும் பேசியிருக்கிறேன். அதற்குப் பின்னால் இருக்கிற பத்து எண்கள் எனக்குத் தெரியாது. கோடையில் அதே பத்து எண்களை என் விரலாலேயே அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே ஏற்றியிருக்கிறேன். துளி சந்தேகம்கூட வரவில்லை.

"என்ன, இந்த நேரத்துல?" என்று அவர் குரல் கேட்டது. பின்னால் அறுவடை மெஷின் சத்தம்.

"நம்ம வயல்ல இந்த வருஷம் நட்டது யாரு?"

"யாரு, எப்பவும் வர்ற கோஷ்டிதான். ஏன்?"

"அதுல ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சு. காலு சரியில்லன்னு அம்மாவுக்குப் பதிலா வந்துச்சு. குட்டிம்பாங்க. நல்லா நடும். மறுநடவுக்குக்கூட அதுதான் நின்னுச்சு. ஏன், என்னாச்சு?"

நான் வயல் பக்கம் போவது வருஷத்துக்கு இரண்டு தடவை. நடவு ஆட்களில் எனக்கு முகம் ஒன்றும் தெரியாது, குனிந்த முதுகுதான் தெரியும். எங்கள் வயலில் நட்டதற்குத்தான் அவள் பெயர் சிவப்பாகியிருக்கிறது. அது எங்கள் வீட்டுக்கே தினம் தினம் மெசேஜாக வந்து சேர்ந்திருக்கிறது. அதை அழித்துவிடச் சொன்னவளும் நானே. தமிழம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

அப்புறம் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். கம்பெனிக்காரர்கள், பழைய தேதிக்குப் போய்ப் பெயரைச் சேர்க்க முடியாது, ஆடிட்டில் மாட்டும் என்றார்கள். மேல் அலுவலகத்தில், நீக்கினது பள்ளிக்கூடமேதான், பட்டியலைச் சரிபார்த்ததாக டிக் போட்டதும் பள்ளிக்கூடம்தான், இப்போது தேதி தாண்டிவிட்டது, அந்தப் பெண் பிறகு தனித்தேர்வராக எழுதட்டும் என்றார்கள். எச்.எம். சாரும் நானும் தமிழம்மாவும் அங்கே ஒரு அதிகாரியின் மேஜைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போது தமிழம்மா பையிலிருந்து ஒரு நீளப் பதிவேட்டை எடுத்தார்கள். ஆப் வந்த பிறகும் யாருக்கும் சொல்லாமல் பழைய மாதிரி எழுதி வந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே புள்ளிகள், புள்ளிகள்மேல் கோடுகள், கார்த்திகைக்குப் பிறகு ஒரு நாள் விடாமல் கோடு.

"பாருங்க சார், பொண்ணு வந்திருக்கு. பாருங்க."

அந்த அதிகாரி பதிவேட்டைத் தொடவில்லை.

"ஒரே வகுப்புக்கு ரெண்டு ரெக்கார்டா? அப்ப இதுல எதும்மா பொய்? இந்தப் புள்ளின்னா என்ன அர்த்தம், எழுதிக் குடுங்க."

எச்.எம். சார் அவசர அவசரமாகப் பதிவேட்டை மூடிப் பைக்குள் தள்ளினார். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த தமிழம்மாவுக்கு அந்த வாரம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. என்னிடம் எல்லாமே ஒழுங்காகத்தான் இருந்தது.

விஷயத்தைச் சொல்ல நானும் தமிழம்மாவும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா கோழியை விரட்டிவிட்டு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கால் இன்னும் சரியாகவில்லை, நொண்டி நொண்டித்தான் நடந்தாள். தமிழம்மா மெதுவாகச் சொல்லி முடித்தார்கள். மெசேஜ் வந்ததா என்று கேட்க வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அவள் அம்மாவே ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட ஏதுங்க போனு. கடைக்காரர் நம்பர குடுக்கலாம்னுதான் பொண்ணு சொல்லிச்சு. நான்தான் வேணாம்னேன். ஐயா வூட்டு நம்பர குடு, டீச்சரம்மா இருக்குற வூடு, பள்ளிக்கூடத்து சேதி ஒண்ணு வந்தாலும் தப்பாதுன்னேன். ஐயாவக் கேட்டுட்டுத்தான் குடுத்தேன். சரின்னாரு." அவள் என்னைப் பார்த்தாள். "மெசேஜு ஏதாச்சும் வந்துச்சாங்க?"

அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆமாவா இல்லையா, ஏதாவது ஒன்று சொல்ல வேண்டிய நேரம்.

"இல்லம்மா" என்றேன். "டவர் கிடைக்கல போல. வரல."

தமிழம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். திரும்புகிற வழியில் பஸ் ஏறும்போது, "வேலியே பயிர மேஞ்சிருச்சேம்மா" என்றார்கள். என்னைச் சொன்னார்களா, ஆப்பைச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் காட்டுக் கத்தல் கத்தினேன். "ஊருல பாதிப் பேரு ரேஷனுக்கும் கேஸுக்கும் என் நம்பரத்தான் குடுக்குது. மேல உன் ஸ்கூல் பேரு இருந்துச்சு, உனக்குன்னு நினைச்சேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அந்தப் பெண் மறுநாளிலிருந்து பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஜூனில் தனியாக எழுதலாம், நான் பணம் கட்டுகிறேன், நானே சொல்லித்தருகிறேன் என்று இரண்டு தடவை ஆள் விட்டுச் சொன்னேன். "பாத்துக்கலாங்க" என்று பதில் வந்தது. சித்திரை பிறந்ததும் திருப்பூருக்கு அனுப்பப் போகிறார்கள், ஏஜெண்ட் வந்து பேசிவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டேன்.

பங்குனியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கியது. முதல் நாள் காலை ஏழு மணி இருக்கும். எனக்கு வேறொரு பள்ளியில் தேர்வறைக் கண்காணிப்பு, புடவையை மடித்துச் சொருகிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்த அவர் போனைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

‘அன்புள்ள பெற்றோரே, உங்கள் மகளின் பொதுத்தேர்வு இன்று தொடங்குகிறது. குறித்த நேரத்துக்கு அனுப்பிவைக்கவும். வெற்றி பெற வாழ்த்துகள்.’ அதற்கு மேலே தனி வரியில் அவள் முழுப்பெயர், இனிஷியலோடு.

பட்டியலிலிருந்து பெயரை எடுக்கத் தெரிந்த ஆப்புக்கு, வாழ்த்து அனுப்புகிற இடத்திலிருந்து நம்பரை எடுக்கத் தெரியவில்லை.

"நம்ம மேட்டு வயல்ல இன்னைக்கு உளுந்து பிடுங்குறாங்க" என்றார் அவர். "அந்தப் பொண்ணும் வந்திருக்கும்."

என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் போனை எடுத்துக்கொண்டு வண்டியை நேரே வயலுக்கு விட்டேன். மழைக்குத் தப்பின மேட்டு வயல் அது, ரோட்டை ஒட்டியே இருக்கிறது. ஏழெட்டுப் பேர் வரிசையாகக் குனிந்து காய்ந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை எந்த முதுகு அவளுடையது என்று எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டதும் நிமிர்ந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள்.

சொல்ல வேண்டியதையெல்லாம் வண்டியில் வரும்போது கோர்த்து வைத்திருந்தேன். போனை மட்டும் அவள் கையில் கொடுத்தேன்.

படித்தாள். பிறகு கட்டை விரலால் மேலே தள்ளினாள். எங்கள் வீட்டுக்காரர் சோம்பேறி, ஒன்றையும் அழித்திருக்கவில்லை. கடைசி எச்சரிக்கை வந்தது. அதற்கு மேலே, இன்று வரவில்லை, இன்று வரவில்லை, இன்று வரவில்லை. ஐப்பசி முழுக்கத் தள்ளித் தள்ளிப் புரட்டாசி வரைக்கும் போனாள். ஒவ்வொன்றிலும் அவள் பெயர் இருந்தது. டவர் கிடைக்காமல் ஒன்றும் போயிருக்கவில்லை. நான் சொன்னது பொய் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. அவள் கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நின்றேன். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"எல்லாத்துலயும் என் பேரு கரெக்டா இருக்கு டீச்சர்" என்றாள். "ஹால் டிக்கெட்டுலதான் இல்ல."

செடிகளுக்கு நடுவிலிருந்து அவள் அம்மா நிமிர்ந்து கேட்டாள். "என்னடி அது? டீச்சரம்மா எதுக்கு வந்திருக்காங்க? ஏதாச்சும் சேதியா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையை அணைத்துப் போனை என் கையில் வைத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா! ஐயா போன மறந்துட்டுப் போயிட்டாராம், தேடிக்கிட்டு வந்தாங்க" என்று சத்தமாகச் சொன்னாள். துண்டை மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நீங்க போங்க டீச்சர். பரீட்சைக்கு நேரமாச்சு."